இருபது கருநொச்சிக் குச்சிகள்

"நீங்களே சொல்லுங்கக்கா, நான் திருடியா?" என்று கேட்டுக்கொண்டேதான் துர்கா உள்ளே வந்தாள்.

ஏலவார்குழலி, பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் சேலைகளில் குறை பார்த்தவர். காஞ்சிபுரத்தில் யாருக்கு எது காணாமல் போனாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருடைய வாடிக்கை ஆட்டோக்காரன் சிவராஜும் கூடவே ஆஜராகிவிடுவான். அவனை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

"உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு."

துர்கா ஓரிக்கைக்காரி. செவிலிமேட்டில் அம்சா வீட்டு மொட்டைமாடி மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவள். இருபது நாளுக்கு முன் அங்கிருந்த ஒரே கருநொச்சிச் செடியைக் கவாத்து செய்து, இருபது குச்சிகளைப் பைகளில் நட்டாள். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றியது அம்சாதான். ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. அம்சா தூக்கிப் போடச் சொன்ன நுனிக் குச்சிகளைத் தன் வீட்டில் நட்டிருந்தாள். அவை மட்டும் ஜோராகத் துளிர்த்துவிட்டன. நல்ல குச்சிகளைக் கடத்திவிட்டு மாடியில் வெறும் விறகை நட்டிருக்கிறாள் என்று மகளிர் குழுக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் அம்சா சொல்லிவிட்டாள்.

"இனிமே எந்த வீட்டு மாடியிலக்கா என்னை ஏத்துவாங்க?" என்றாள் துர்கா.

"குச்சியை எப்படி நடுவே?"

"அடியைச் சாய்ச்சு வெட்டுவேன், தலையை நேரா வெட்டுவேன். தலை காயாம இருக்க சாணம் பூசுவேன். என்னிக்கும் இப்படித்தான்."

சிவராஜ் அதற்குள் ஆட்டோவைக் கிளப்பியிருந்தான்.

அம்சா வீட்டு மாடியில் மூங்கில் கொம்புகளில் அரக்குச் சிவப்புப் பட்டு நூல் காய்ந்துகொண்டிருந்தது. அம்சாவின் கணவர் வசந்த் நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவரும் ஓர் ஓரமாக வந்து நின்றார்.

"மாடிக்கு யார் யார் வருவாங்க?"

"என்னை விட்டா இவ வருவா. நூல் காயப்போட இவர் வருவார்" என்றாள் அம்சா. "இவருக்குத் துளசிக்கும் தூதுவளைக்கும் வித்தியாசம் தெரியாது."

சிவராஜ் குனிந்து பார்த்தான். "அக்கா, குச்சியில சேப்பா கறை இருக்குது. ரத்தமா?"

"இருபது குச்சியிலயுமா ரத்தம் இருக்கும்? பேசாம இருப்பா."

ஏலவார்குழலி ஒரு குச்சியைப் பிடுங்கினார். மேலே தெரிந்த முனை சாய்ந்த வெட்டு. மண்ணுக்குள் இருந்த முனை நேர் வெட்டு, அதில் சாணம். இன்னும் நான்கைப் பிடுங்கினார். எல்லாம் அப்படியே இருந்தன.

"சாணம் பூசினவளுக்கு இதுதான் தலைன்னு தெரியும். தெரிஞ்சவ அதை மண்ணுல புதைக்க மாட்டா. ஆக, நட்டது ஒரு கை, எடுத்துத் திரும்ப நட்டது இன்னொரு கை. அந்தக் கைக்கு சாணம்னா உரம்னு மட்டும்தான் தெரியும். அதுல சேப்புச் சாயமும் இருந்திருக்குது."

எல்லோரும் வசந்தைப் பார்த்தார்கள். அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இவ நட்ட மறுநாளே நூல் கொம்பு சரிஞ்சு பையெல்லாம் கொட்டிடுச்சு" என்றார் மெதுவாக. "உரம் வேர்ப்பக்கம்தானே இருக்கணும்னு நினைச்சு நட்டுட்டேன். இவ கத்துவாளேன்னு சொல்லல."

அம்சா விடவில்லை. "அது சரி, இது கருநொச்சிதான்னு என்ன நிச்சயம்?"

ஏலவார்குழலி கடைசிப் பையின் மண்ணை விரலால் விலக்கினார். புதைந்திருந்த கணுவிலிருந்து ஒரு துளிர் வளைந்து வளைந்து மேலே ஏறி, மண்ணை முட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனி கருநொச்சிக்கே உரிய கருஊதா நிறம். சிவராஜ் தானே கண்டுபிடித்ததுபோல் நிமிர்ந்து நின்றான்.

அம்சாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "தப்பு என் மேலதான், துர்கா. கீழ வா, காபி குடிக்கலாம்."

துர்கா நகரவில்லை. "என்னைத் திருடின்னு சொன்னது இந்த மாடியில இல்லையேக்கா."

அம்சா செல்போனை எடுத்துக் குழுத் தலைவியை அழைத்தாள். "இன்னிக்கு சாயந்தரமே கூட்டம் வைக்கணும். எல்லாரும் வரணும், ஒருத்தர் விடாம."

சாயங்காலம் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, துர்காவிடம் மன்னிப்புக் கேட்டாள். கூட்டம் முடிந்ததும் மூன்று பெண்கள் துர்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் மாடிக்கு எப்போது வருகிறாய் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

"வியாழக்கிழமைக்கு முன்னால முடியாதுக்கா" என்றாள் துர்கா.