கிணற்றின் அடிமண்

லாரி வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதற்குள் பஞ்சம்மாள் மகனுடைய காக்கி அரை டவுசரைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, பிழியாமலே கொடியில் போட்டுவிட்டாள்.

"இப்பம் எதப் போட்டுக்கிட்டுப் போவான்னு பாக்கேன்" என்றாள், அடுப்படியைப் பார்த்து.

அடுப்படியில் மருமகள் சண்முகத்தாய் கம்பங்கூழைக் கரைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் பேசும்போது வாயைத் திறக்காமல் இருப்பதை அவள் நான்கு வருஷமாகப் பழகியிருந்தாள்.

இளையவன் சோலைச்சாமி சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தான். கொடியில் கை வைத்துப் பார்த்தான். புருவங்கள் இருந்த இடத்தில் அவனுக்குத் தோல் மட்டும் வழவழவென்று இருக்கும். சிரித்தால் அந்த இடம் அசையாது. இப்போதும் சிரித்தான்.

"தண்ணியில குதிக்கப் போறவனுக்கு ஈர டவுசரு ஆகாதா ஆத்தா?"

"கண்ணு தெரியாதவன் கெணத்துல குதிக்கப் போறானாம். அதுக்கு ஒரு சங்கமாம், ஒரு லாரியாம். ஒனக்குப் புத்தி சொல்லிக் குடுத்த மகராசி உள்ள நிக்கா பாரு, அவளச் சொல்லணும். மாமனாரத் தின்னா, ஒன் கண்ணத் தின்னா... மிச்சம் ஒன் உசுரு ஒண்ணுதான இருக்கு."

"மதினிய ஏன் இழுக்க? மெட்டியக் கழட்ட மறந்தது ஒரு குத்தமா? ஆரும் மறக்கத்தான் செய்வாக."

சண்முகத்தாய்க்கு மாமியார் பேச்சைவிட இந்தப் பேச்சுத்தான் தாங்காது. அவன் அவளை மன்னிக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

சங்கத்தை அவள்தான் தேடிப் போனாள். காஷ்மீர்ச் சண்டையில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு வந்த ஹவில்தார் செல்லப்பாண்டி, பட்டாளத்தில் அடிபட்டவர்களையும் பட்டாசு, தீப்பெட்டிக் கம்பெனிகளில் வெந்துபோனவர்களையும் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போவார். ஒரு மாதம் மலையேற்றம், ஒரு மாதம் பட்டம் விடுதல், ஒரு மாதம் கண்மாயில் மீன் பிடித்தல். ஊரில் அதை நொண்டிச் சங்கம் என்றார்கள். ஹவில்தாரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். இந்த மாதம் எம். புதுப்பட்டிக் கிணற்றில் நீச்சல் என்று கேள்விப்பட்டதும், சண்முகத்தாய் சிவகாசிக்கு பஸ் ஏறிப் போய்ச் சோலைச்சாமியின் பேரைச் சொல்லிவிட்டு வந்தாள். சிறு பிள்ளையில் எந்தக் கிணற்றானாலும் அடிவரை முங்கி, கை நிறைய மண்ணோடு மேலே வருகிறவன் அவன். நான்கு வருஷமாக ஒரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததில் அந்தச் சுவரில் அவன் முதுகின் எண்ணெய்க் கறை விழுந்திருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் அவன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தான். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். அவனுடைய அய்யா மொக்கைச்சாமி சொந்தக் காட்டில் கொட்டகை போட்டுப் பட்டாசு செய்துவந்தார். வெடிமருந்து கலக்குகிற அறைக்குள் உலோகம் எதையும் கொண்டுபோகக் கூடாது. பெண்கள் மெட்டியைக்கூடக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் போவார்கள். அன்று சண்முகத்தாய் கழற்றாமல் போய்விட்டாள், கல்தரையில் அவள் மெட்டி உரசிப் பொறி விழுந்து மருந்து பற்றிக்கொண்டது, அவள் வெளியே ஓடித் தப்பித்துக்கொண்டாள். மாமனார் அங்கேயே போய்விட்டார். கொழுந்தனுக்குக் கண் போயிற்று. இதை ஊருக்குச் சொன்னவள் அவளேதான். பிணத்தை எடுக்கும் முன்பே பஞ்சம்மாள் அவள் கால் விரல்களிலிருந்து மெட்டிகளை உருவி எறிந்தாள். புருஷன் இருந்தும் அன்று முதல் சண்முகத்தாயின் கால் வெறுங்கால். பஞ்சம்மாள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

மூத்தவன் பெத்தணன் காட்டிலிருந்து வந்தான். தாய்க்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் பேசாமல் இருந்தே வயதாகிப்போன மனிதன்.

"லாரி சீக்கிரமே வந்துரும். எடத்த மாத்தியாச்சு" என்றான். "புதுப்பட்டிக் கெணத்துல படி இடிஞ்சு கெடக்காம். நொண்டிக் காலோட எறங்க முடியாதுன்னு ஹவில்தார் வருத்தப்பட்டாரு. நம்ம கொட்டாக் கெணத்துல அகலப் படி இருக்கு, தண்ணியும் கெடக்கு, அங்கன வச்சுக்கிடுங்கன்னுட்டேன்."

கூழைக் கலக்கிய கை நின்றது.

கொட்டகை எரிந்த அன்று சண்முகத்தாய் அந்தக் கிணற்றில் ஒன்றை வீசினாள். யாரும் பார்க்கவில்லை. அது வெளியே வந்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை. சோலைச்சாமிதான் உயிரோடு இருக்கமாட்டான். அன்று நடந்தது எதுவும் நினைவில் இல்லாமல், மதுரை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு அவன் முதன்முதலில் கேட்டது, "நான் ஏதும் பண்ணிட்டேனா மதினி? அப்பிடின்னாச் சொல்லிருங்க, இந்தக் கட்டப் பிச்சிட்டுச் செத்துருதேன்" என்பதுதான்.

அவள் வாசலுக்கு வந்தாள்.

"தம்பி போக வேண்டாம்."

மூன்று பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்கதான மதினி பேரு குடுத்தீக?"

"குடுத்தேன். இப்பம் வேண்டாங்கேன். அந்தக் கெணறு வேண்டாம்."

பஞ்சம்மாள் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்? அங்கன போனா நீ செஞ்சது ஞாபகம் வருமோ? மனசு குத்துமோ?" கொடியிலிருந்து டவுசரை உருவி மகன் கையில் திணித்தாள். "போலே. இவ வேண்டாங்காளா, நீ போ. நானும் வாரேன். என் புருசன் செத்த எடத்த இவ பயந்துக்கிட்டுப் பாக்கட்டும், நான் பயப்படாமப் பாக்கேன்."

லாரியில் ஆறேழு பேர் இருந்தார்கள். ஹவில்தார் ஊன்றுகட்டையை நீட்டிச் சோலைச்சாமியை ஏற்றிக்கொண்டார். பஞ்சம்மாளுக்குப் பின்னால் சண்முகத்தாயும் ஏறினாள். தீப்பெட்டிக் கம்பெனியில் விரல்கள் வெந்து ஒட்டிப்போன முத்துக்கருப்பன் முழங்கையால் அவனை இடித்தான்.

"புது ஆளா? நீ பாக்காண்டாம், நான் புடிக்காண்டாம். நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஹவில்தார் நடக்காண்டாம். நல்ல செட்டு."

சோலைச்சாமி வாய்விட்டுச் சிரித்தான். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த பஞ்சம்மாள் அந்தச் சிரிப்பைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொட்டகை இருந்த இடத்தில் கருவேலம் முளைத்திருந்தது. கிணற்றில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. ஹவில்தார் சோலைச்சாமியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தரையில் கட்டை ஊன்றித் தடுமாறியவர்கள் தண்ணீருக்குள் போனதும் சாதாரண மனிதர்களாகிப் போனார்கள். மிதக்கிறவனுக்கு எத்தனை கால் என்று மேலே நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

"தம்பி, மெதந்தாப் போதும். அடிக்குப் போகாதீக" என்றாள் சண்முகத்தாய்.

"அடிமண்ணு எடுக்காம மேல வந்தா நாங்க நம்ப மாட்டோம்" என்று முத்துக்கருப்பன் தண்ணீரிலிருந்து கத்தினான்.

சோலைச்சாமி குதித்தான். கயிறு ஓடியது, நின்றது. பிறகு அவன் தலை மேலே வந்தது, கை மேலே வந்தது, கை நிறையக் கருமண். எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். பஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"இன்னொரு தடவ" என்றான் அவன்.

"போதும் தம்பி, மேல வாங்க."

"இருங்க மதினி. நாலு வருசம் கழிச்சு இன்னிக்கித்தான் எனக்கு மூச்சு வருது."

இந்தத் தடவை அவன் மேலே வர நேரமாயிற்று. வந்தபோது கையில் மண் இல்லை. சேறு வழிகிற ஒரு பூட்ஸ் இருந்தது.

"ஏலே, இவன் கெணத்துல செருப்புல்ல புடிச்சிருக்கான்" என்றான் முத்துக்கருப்பன். சிலர் சிரித்தார்கள். ஹவில்தார் சிரிக்கவில்லை.

"பட்டாளத்துப் பூட்ஸு" என்றார் மெதுவாக.

சோலைச்சாமி தண்ணீருக்கு மேல் இருந்த படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டான். விரல் அடிப்பாகத்தில் ஓடியது. வரிசையாக இரும்பு ஆணிகள். குதியில் லாடம். அதன் ஓரத்தில் ஒரு முனை உடைந்திருந்தது. அந்த உடைசலில் விரல் சற்று நேரம் நின்றது. பிறகு மேலே ஏறித் தோல் நாடாவைத் தொட்டது.

"மதினி."

"சொல்லுங்க தம்பி."

"அன்னிக்கி நான் பூட்ஸ வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட உள்ள போனேன்னு சொன்னீகளே?"

"ஆமா. வாசல்லதான் கெடந்துச்சு. அதப் பாத்தா ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நாந்தான் கெணத்துல போட்டேன்."

"கழட்டிப் போட்டதுன்னா முடிச்சு அவுந்துல்ல இருக்கும்." அவன் குரல் இறங்கியது. "முடிச்சு அப்பிடியே இருக்கு மதினி. நாடாவக் கத்தி வச்சு அறுத்திருக்கு. கால்ல கெடந்தத ஆரோ அறுத்து எடுத்திருக்காக."

பஞ்சம்மாள் மேல்படியிலிருந்து இறங்கி வந்தாள். கேட்காமலே பூட்ஸை வாங்கினாள். கட்டைவிரலால் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். வாழ்நாளில் பாதியை மருந்துக் கொட்டகையில் கழித்தவள். வெள்ளி கல்லில் உரசினால் பொறி பறக்காது, இரும்புதான் பறக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கோபத்தில் அவள் அதை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவள் மருமகளின் வெறும் கால் விரல்களைப் பார்த்தாள். பிறகு மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் கை இன்னும் பூட்ஸைத் தேடி நீண்டிருந்தது.

"இது எவன் பூட்ஸோ" என்றாள். "எவனெவனோ குளிச்ச கெணறு இது. ஒன்னுது இல்லலே. தூக்கிப் போடுதேன்." அவள் கை சண்முகத்தாயின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. "நீ சொல்லு... சம்முகத்தாயி, எம் மகளே, இவங்கிட்டச் சொல்லு."

நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து தன் பெயர். சண்முகத்தாயின் கண்களிலிருந்து நீர் கொட்டியது. ஆனாலும் குரலை அசையவிடாமல் சொன்னாள்.

"ஆமா தம்பி. என் மெட்டிதான்."

பஞ்சம்மாள் ஈரப் படியில் உட்கார்ந்து, மருமகளின் காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, அந்த விரல்களை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். அழும் சத்தம் மகனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குக் கேட்டது. ஹவில்தார் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"அண்ணாச்சி, கயித்த விட்டுராதீக. இறுக்கிப் புடிச்சுக்கிடுங்க."

"புடிச்சிருக்கேன் தம்பி."

சோலைச்சாமி மூச்சை இழுத்துக்கொண்டான், அடிக்குப் போகிறவன் இழுப்பதைப் போல.

"ஆத்தா, மதினி மெட்டி இல்ல. நான் பூட்ஸு காலோடதான் உள்ள போனேன். அய்யாவக் கொன்னது நான்."