ஒரு பல் தூரம்

வாசல் டப்பாவில் கிடந்த ஊக்குகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன.

மாதேஸ்வரி குனிந்து பார்த்தாள். ஓசூர்ப் பக்கம் மோட்டார் செய்கிற கம்பெனி அது. காந்த அறைக்குள் போகும் பெண்கள் வளையல், ஊக்கு எல்லாம் கழற்றி அந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போகணும். போட்டது போட்டபடி குப்பையாய்க் கிடக்கும். இன்று யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல, முனைகள் அத்தனையும் உள்ளே இருந்த பிரஸ் மெஷினைப் பார்த்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெயின் ஃப்யூஸைப் பிடுங்கி அறையை மூடிப் பதிமூணு நாள் ஆகிறது. கேட்டில் செக்யூரிட்டி ராமப்பன் மட்டும் இருந்தார். உள்ளே விடும்போதே கேட்டிருந்தார்.

"லீவு நாள்ல என்னாம்மா இங்க?"

"டிபன் பாக்ஸ விட்டுட்டுப் போயிட்டேன்ண்ணா."

"பதிமூணு நாளாச்சா? இரு, இன்னும் ரெண்டு நாள் போனா அதுவே எந்திரிச்சி உன் ஊரு மத்தூருக்கு நடந்து வந்துரும். போயிட்டு வெரசா வா."

டிபன் பாக்ஸ் எதுவும் இல்லை, கண்ணுகளா. அவள் எடுக்க வந்தது ஒரு ரூபாய்க் காசு அளவு காந்தம்.

பிரஸ்ஸின் கண்ணாடிக் கதவு மூடியிருந்தால்தான் மெஷின் ஓடும். மூடியிருக்கிறதா என்று பார்க்க, உள்ளே மேல் சட்டத்தில் ஒரு சென்சார். கதவில் பதித்த காந்தம் பக்கத்தில் வந்தால் அது ஒத்துக்கொள்ளும். மாதேஸ்வரி வேறொரு காந்தத்தைச் சென்சார் மேலேயே வைத்து, கறுப்பு டேப் ஒட்டிவிட்டாள். அப்புறம் கதவு திறந்தே கிடந்தாலும் மூடியிருப்பதாக மெஷின் நம்பிக்கொள்ளும். ஒரு மோட்டாருக்கு எட்டு விநாடி மிச்சம். கூட வேலை செய்த கெம்பம்மாவிடம் சொல்லணும், சொல்லணும் என்று நினைத்துக்கொண்டே சொல்லாமல் விட்டாள்.

நாளைக்குக் காலையில் இன்ஸ்பெக்டர் வந்து சென்சாரைக் கழற்றுவார். 'கதவு மூடித்தான் இருந்தது, எப்படி நடந்ததென்று தெரியவில்லை' என்று இவள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். காந்தம் அகப்பட்டால் ஜெயில்.

உள்ளே எண்ணெய் வாடை. அதற்கடியில் பினாயில். அதற்கும் அடியில், பினாயிலால் கழுவ முடியாத இன்னொன்று. பிரஸ்ஸின் கீழே தொட்டிபோல ஸ்டேட்டர், மோட்டாரின் சுற்றாத பாகம்; அதன் சுவரைச் சுற்றிக் காந்தங்களும் செம்புச் சுருள்களும். மேலே தொங்குகிற, அதற்குள் இறங்கிச் சுற்றுகிற ரோட்டர் வெறும் இரும்பு, பத்துப் பல். காந்தமும் நகராது, சுருளும் நகராது. இரும்புப் பல் ஒன்று கடந்துபோனால் போதும், சுருளுக்குள் ஓடுகிற காந்த ஓட்டம் அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

"காந்த ஓட்டத்துக்கு ஒரு வழி வேணும்மா," என்று சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் சிவராஜ் சொல்லிக்கொடுத்தார். "எது வழியாப் போறோம்னு அது பாக்காது."

டக்.

அவள் நின்றாள். விசாரணைக்கு வந்தவர்கள் ரோட்டரில் கதவுக்கு நேராக இருந்த பல்லில் அடையாளத்துக்கு மஞ்சள் பெயின்ட் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது மஞ்சள் ஒரு பல் தள்ளி இருந்தது.

கரண்ட் இல்லை. இல்லவே இல்லை. அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து, ஸ்டேட்டருக்கு மேலாக உடம்பை வளைத்து உள்ளே நுழைத்து, கையை மேலே நீட்டினாள். பதிமூணு நாளைக்கு முன்னால் கெம்பம்மாவும் இப்படித்தான் குனிந்தாள். அவள் கழற்ற மறந்து தாலிக்கயிற்றிலேயே விட்டிருந்த ஊக்கு ஒன்று பிய்ந்து பறந்து ஸ்டேட்டரில் ஒட்டிக்கொண்டது. கதவு திறந்திருக்கிறதே, மெஷின் ஓடாது என்று நம்பி, அதை எடுக்கத் தோள் வரைக்கும் கையை விட்டாள். "பேகா, பேகா" என்றாள். சீக்கிரம், சீக்கிரம் என்று கன்னடத்தில் தன்னையே விரட்டிக்கொள்வது அவள் பழக்கம். மாதேஸ்வரியின் கண் மோட்டார் எண்ணிக்கை காட்டுகிற கவுண்டர் மேல் இருந்தது. திரும்பிப் பார்க்காமலே பட்டனை அழுத்தினாள்.

ரோட்டர் இறங்கியது. கடைசி நாலு விரல்கடையில் காந்தமே அதைப் பிடித்து இழுத்துக்கொண்டது. முழங்கை கரும்பு முறிகிற சத்தத்தோடு நொறுங்கியது. அதோடு நின்றதா? ரோட்டர் சோதனைக்காகச் சுற்ற ஆரம்பித்தது. மஞ்சள் தாலிக்கயிறு பல்லில் மாட்டியது. ஒரு சுற்று. ரெண்டு சுற்று. கழுத்து இழுபட, கெம்பம்மாவின் முகம் இரும்பில் மோதியது. மறுபடி மோதியது. முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாத வரைக்கும் மோதியது.

இப்போது மாதேஸ்வரியின் கையில் டேப் உரிந்தது. காந்தம் வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். நகம் பெயர்ந்தது. ரத்தம் மணிக்கட்டில் இறங்கியது.

டக்.

ஜாக்கெட்டுக்குள் ஏதோ அசைந்தது.

ஊக்கு. அவளுடைய தாலிக்கயிற்று ஊக்கு. கரண்ட் இல்லையே என்று கழற்றாமல் வந்துவிட்டாள். காந்தத்துக்குக் கரண்ட் எதற்கு?

கயிறு வெளியே வந்து விறைப்பாக நீண்டது. நுனியில் ஊக்கு திறந்து, ரோட்டரைப் பார்த்து நின்றது. கழுத்து இழுபட்டது.

டக்.

ஊக்கு திரும்பியது. முனை அவள் தொண்டையில் இறங்கியது.

டக்.

வெளியே இழுத்தது. சதையோடு.

டக்.

மறுபடி உள்ளே. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தரம். கை வழுக்கி ஸ்டேட்டருக்குள் விழுந்தது. விரல்கள் காந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டன. பிடுங்க முடியவில்லை. உள்ளிருந்து வேறு விரல்கள் அவற்றைக் கோத்துக்கொண்டிருந்தன. எலும்பு துருத்திய, பினாயில் வாடை அடிக்கிற விரல்கள்.

"நான்தான்க்கா ஒட்டினேன். நான்தான் அழுத்தினேன்."

காதுக்குள் குளிர்ந்த மூச்சு. "பேகா."

கரண்ட் இல்லாத பேனலில் பச்சை விளக்கு எரிந்தது. கதவு மூடியிருக்கிறது என்பதற்கான விளக்கு.

தலைக்கு மேலே இரும்பு இறங்கத் தொடங்கியது.

அகலத் திறந்து கிடந்த கதவு வழியாக அவளுக்கு வாசல் தெரிந்தது. டப்பாவில் ஊக்குகள் ஒவ்வொன்றாக வாய் பிளந்து எழுந்து நின்றன. முனைகள் எல்லாம் அவள் கண்ணைப் பார்த்து.