ஆறாம் கட்டிலின் விரிப்பு

வேலையில் சேர்ந்த முதல் நாளே டாக்டர் அந்தக் கட்டிலைக் கவனித்துவிட்டாள். ஆறு கட்டில் போட்ட சின்ன வார்டு. ஐந்தில் தலையணை வெளியே தெரிந்தது. மூலையில் கிடந்த ஆறாவதில் மட்டும் வெள்ளை விரிப்பு தலையணையையும் சேர்த்து மூடியிருந்தது. அதில் நோயாளி யாரும் இல்லை. ஆனாலும் சிஸ்டர் தினமும் காலையில் முதல் வேலையாக அந்த விரிப்பைச் சுருட்டி எடுத்துப்போய்த் தன் கையாலேயே துவைத்தார்.

டாக்டர் உப்பைக்கூட நக்கிப் பார்த்துத்தான் உப்பு என்று ஒப்புக்கொள்வாள் என்று அவள் அண்ணன் கேலி செய்வான். ஆள் படுக்காத கட்டிலில் அழுக்கு எங்கிருந்து வரும்? தனக்கு வேண்டிய யாரையோ சிஸ்டர் திருட்டுத்தனமாகத் தங்கவைக்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். கேட்டதற்கு, "பழக்கம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அவர் மருந்து அலமாரிப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தார். தரையில் படுத்திருந்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலியாம், இரண்டு முறை வாந்தியாம். உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை. கண்ணாடிக் குழாயில் எடுத்துவைத்த ரத்தம் இருபது நிமிடத்தில் ஒழுங்காக உறைந்தது. பாம்பு விஷம் இல்லையென்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடிய ஆள்தான்.

அவள் அவருடைய இமைகளைப் பார்த்தாள். பாதி இறங்கியிருந்தன. தூக்கமா என்று கேட்டாள்.

"இல்லீங்க டாக்டர். திறக்க வரல."

கட்டுவிரியன். அது கடித்தால் வலியும் தெரியாது, தடமும் தெரியாது. ரத்தத்தை விட்டுவிட்டு நரம்பைப் பிடிக்கும். பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கினாள். மூச்சு எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னாள்.

சிஸ்டரின் முகம் வெளுத்தது. "இந்த வார்டுல யாரையும் எண்ணச் சொல்லாதீங்க டாக்டர்."

டாக்டருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. சிஸ்டரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூளைக்காரர் முதல் தடவை இருபத்தாறு வரை போனார். அரை மணி கழித்துப் பத்தொன்பது. அடுத்த தடவை பதினொன்றில் நின்றுவிட்டார்.

"பன்னெண்டு" என்றது ஒரு பெண் குரல்.

சூளைக்காரரின் மனைவி வெளியே நடையில் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். குரல் மூலையிலிருந்து வந்தது.

பதினோரு மணிக்கு அவருடைய மூச்சு நின்றது. டாக்டர் தொண்டைக்குள் குழாயை இறக்கி, ஆம்பு பையைப் பொருத்திக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்தினாள். மூச்சு இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அங்கிருந்து வண்டி வந்துகொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் போய், நாடி காட்டும் திரை அணைந்தது. மணிக்கட்டில் துடிப்பு சிக்கவில்லை. டார்ச் அடித்தாள். கண்மணி விரிந்தபடியே நின்றது.

இந்த விஷம் பிழைத்திருப்பவனையும் பிணம் போலக் காட்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான். ஆனால் கை மரத்துப்போயிருந்தது. ஆள் போய்விட்டார் என்று மனம் சொன்னது. நேரத்தைக் குறிப்பதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பையை அழுத்திய கை நின்றது.

மூலையில் துணி சரசரத்தது.

"ஒன்னு."

வாயைத் துணியால் பொத்தியது போன்ற குரல்.

"ரெண்டு."

சிஸ்டர் பையைப் பிடுங்கி அழுத்தத் தொடங்கினார். "விட்டுடாதீங்க டாக்டர். போன வருஷம் இப்படித்தான் விட்டோம்."

இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஓர் எண் வந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க டாக்டருக்குத் துணிவில்லை. வண்டி வந்தபோது எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியிருந்தது. கழுத்தில் விரலை வைத்தாள். மெல்லியதாகத் துடிப்பு இருந்தது.

வண்டி போன பிறகு சிஸ்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். போன வருஷம் தையல்காரி ஒருத்தி அதே பாம்புக்கடியோடு வந்து அந்த ஆறாம் கட்டிலில் படுத்தாளாம். கடைசியாக ஒன்பது வரை எண்ணினாளாம். பிறகு அசைவில்லை, விழித்த கண் சுருங்கவில்லை. அப்போதிருந்த டாக்டர் நேரத்தைக் குறித்தார். முகத்தை மூடியது சிஸ்டர்தான்.

"அரைமணி கழிச்சுத் தூக்க வந்தாங்க. வாய்ப் பக்கம் துணி ஈரமா இருந்துச்சு. சூடாவும் இருந்துச்சு. உள்ள கொஞ்சமா மூச்சு ஓடியிருக்கு, நாங்க பார்க்கல. அதுக்குள்ள அதுவும் நின்னுடுச்சு." மூலையைக் காட்டிச் சொன்னார்: "நான் தலையணைய விட்டுத்தான் விரிக்கிறேன் டாக்டர். திரும்பிப் பார்த்தா மூடியிருக்கு. காலையில ஈரமா இருக்கு."

டாக்டர் இதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சிஸ்டரைத் திருடி போல நினைத்ததற்காக மட்டும் வெட்கப்பட்டாள்.

மூன்று வாரம் கழித்துச் சூளைக்காரர் மனைவியோடு வந்தார். ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லையே தவிர, அன்று பேசியதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது என்றார். மூலைக் கட்டிலில் இருந்த அம்மா இல்லையென்றால் பயத்திலேயே செத்திருப்பாராம். அந்த அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போய்விட்டாரா என்று விசாரித்தார்.

சிஸ்டர் ஆறாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை வண்டியில ஏத்துறப்ப அவங்க ஒன்னு கேட்டாங்க டாக்டர். யாரும் பதிலே சொல்லல."

"என்ன கேட்டாங்க?"

"என் முகத்துல இருக்கிற துணிய எப்ப எடுப்பீங்கன்னு."

டாக்டர் ஆறாம் கட்டிலுக்குப் போனாள். மின்விசிறி ஓடவில்லை. விரிப்பின் தலைமாட்டில் வாயளவுக்கு ஓர் ஈர வட்டம் இருந்தது. நுனியைப் பிடித்து, தூங்குகிறவரை எழுப்பிவிடக்கூடாது என்பது போல மெதுவாகக் கீழே இறக்கினாள்.

யாரும் இல்லை. தலையணையில் மட்டும் ஆழமாக ஒரு குழி.

வெதுவெதுப்பான காற்று அவள் கன்னத்தில் பட்டது.

"பத்து."