படித்த நிறைவு

தேநீர் ஆறுவதற்குள், குமிழூர் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தொள்ளாயிரம் பக்கப் புத்தகம் ஒன்றைப் படித்து முடித்துவிட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர், "என்னமா எழுதியிருக்காங்க" என்று பக்கத்து ஆளின் தொடையைத் தட்டினார். பிறகு பாசி வடை வந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. செவ்வாயில் குடியேறியவர்களுக்குக் காதின் பின்புறம், அரிசி அளவில் ஒரு செவிமணி பதித்திருப்பார்கள். புத்தகத்தைத் தொட்டதும் அது கேட்கும்: பொருளா, நிறைவா? பொருள் என்றால் ஒவ்வொரு வரியும் மனதுக்குள் ஓடும். நாள்கணக்கில் ஆகும், நெற்றிப்பொட்டு வலிக்கும். நிறைவு என்றால், நல்ல நூல் ஒன்றைப் படித்து மூடியவரின் நெஞ்சில் என்ன தங்குமோ அது மட்டும் உடனே வந்து இறங்கும். என்ன படித்தோம் என்பது தெரியாது. மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது.

மேடையில் உட்கார்ந்திருந்த அஞ்சுகம் வடையைத் தொடவில்லை. புத்தகம் அவள் எழுதியது. 'பாசியும் மனிதரும்' என்று பெயர். பாவம், வாலிபத்தை எல்லாம் அதில்தான் கரைத்தாள். பூமியில் முதல் மூச்சுக்காற்றைப் பாசி எப்படி உண்டாக்கியது என்று தொடங்கி, குமிழூரின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்கும் பழங்குளம்வரை அந்த நூல் வரும். அதன் ஏழாம் அத்தியாயத்துக்காகத்தான் மற்ற அத்தியாயங்களையே எழுதினாள். நகரத்துக்கு மூச்சு கொடுக்கும் புதுத் தொட்டிகளில் இருப்பதெல்லாம் ஒரே பாசியின் நகல். ஒரு நோய் வந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. பலவகைப் பாசி கலந்து கிடப்பது பழங்குளத்தில் மட்டும்தான். ஒரே வகை உருளைக்கிழங்கை நம்பி, நோய் விழுந்து, பட்டினியில் செத்த பூமி மக்களின் கதையையும் அதில் சொல்லியிருந்தாள். பழங்குளத்தில் கை வைக்காதீர்கள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நகரத் தலைவர் மாசிலாமணி ஒலிபெருக்கி முன்னால் வந்தார். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"இந்த நூலைப் படிச்சு முடிச்சதும் என்னால பேச முடியலை" என்று தொடங்கி, நெடுநேரம் பேசினார். கடைசியில் சொன்னார்: "இப்பேர்ப்பட்ட நூலுக்கு நாம என்ன செய்யப்போறோம்? பழங்குளத்தை இன்னைக்கே வடிக்கிறோம். அந்த இடத்துல அஞ்சுகம் அம்மையார் பேர்ல ஒரு உயிரியல் நூலகம் எழும்பும்."

கைதட்டல் கூரையில் மோதியது. அஞ்சுகத்துக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? அந்தக் குளம் போச்சுன்னா ஒருநாள் எல்லாரும் தொண்டையைப் பிடிச்சுக்கிட்டுச் சாவீங்க. உங்க புள்ளைங்களும் சாவும். இதைத்தானே எழுதியிருக்கேன்?"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு பெண்மணி விசும்பியபடி, "படிக்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்றாள்.

மாசிலாமணி அஞ்சுகத்தை மெல்லத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"மேடம், தண்ணி குடிங்க."

"ஏழாம் அத்தியாயத்துல என்ன இருக்கு? சொல்லுங்க பாப்போம்."

"அதாங்க மேடம், என்னை உலுக்கின அத்தியாயமே."

"என்ன இருக்குன்னு கேட்டேன்."

"அதை நான் சொல்லிட்டா புத்தகத்தை யாரு வாங்குவா?"

"நிறைவை மட்டும் ஏத்திக்கிட்டு வந்து மேடையேறிட்டீங்க. வெக்கமா இல்லை? குளத்தை வடிக்கிற பாழாப்போன யோசனை எவனோடது? அந்த ஆளைக் கூப்பிடுங்க. அவனைக் கேக்குறேன்."

மாசிலாமணி அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"என்ன மேடம், தன்னடக்கமா? உங்களோடதுதானே."

"என்னது?"

"நம்ம பொறியாளர் இதாயத்துல்லா போன வருஷம் 'குளமில்லா நகரம்'னு ஒரு நூல் போட்டாரே. அணிந்துரை நீங்கதான். 'இந்தக் கனவு நாளையே நனவாக வேண்டும்'னு எழுதினீங்க. நகர மன்றத்துல அதைத்தான் வாசிச்சோம். நீங்களே சொன்னப்புறம் மறுபேச்சு ஏது? கைதூக்கி நிறைவேத்திட்டோம்."

அஞ்சுகம் உட்கார நாற்காலி தேடினாள். இதாயத்துல்லாவின் நூல் வந்தது ஞாபகம் இருந்தது. ஏழாம் அத்தியாயத்தில் தலை நிமிராமல் கிடந்த சமயம். நிறைவைத் தொட்டாள், நெஞ்சு இனித்தது. தலைப்பைக்கூடச் சரியாகப் பார்க்காமல், மனதில் வந்ததை எழுதி அனுப்பினாள். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்.

"அப்போ அந்த ஆளுதான் வடிக்கச் சொன்னாரா?"

"அதுதான் வேடிக்கை. நூல் வந்ததும் மன்ற வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, 'வடிச்சா ஊரே செத்துடும்னுதான் எழுதியிருக்கேன், உள்ள படிச்சுப் பாருங்கய்யா'ன்னு ஒரே கூச்சல். 'இவ்ளோ பெரிய மேடம் படிச்சிட்டு ஒண்ணு சொல்றாங்க, உன் புத்தகத்துல என்ன இருக்குன்னு உனக்கென்னய்யா தெரியும்'னு அனுப்பிட்டோம். உங்க வீட்டுக்கும் பல தடவை வந்தாராமே?"

வந்தான். ஒருநாள் கதவைத் தட்டியவன் தட்டிக்கொண்டே இருந்தான். எழுத விடமாட்டேன் என்கிறானே என்று எரிச்சல்பட்டு, அழைப்பு மணியையே அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தரை லேசாக அதிர்ந்தது. பழங்குளத்துப் பக்கம் பம்புகளை ஓட்டிவிட்டார்கள்.

"நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். "நான் அதைப் படிக்கலை. படிக்காமத்தான் எழுதினேன்."

மாசிலாமணி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. ஒரே வீட்டு மனிதரிடம் காட்டும் கனிவுதான் இருந்தது.

"மெதுவா பேசுங்க மேடம். யாருதான் படிச்சாங்க? தீர்மானத்தை மாத்தணும்னா மறுப்பு நூல் ஒண்ணு வரணும், அதுதான் முறை. நீங்க எழுதுங்க. எத்தனை பக்கம்னாலும் நாங்க உடனே படிச்சிடுறோம்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அணிந்துரையை நானே கொடுத்துடுறேன்" என்றார்.