டெல்வினைச் சுட்டவன்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஹார்ல்ஸ்டன் தேவாலயத்தின் பக்கத்துக் கூடத்துக்குள் மெர்லீன் போகிள் வந்தாள். கோட்டுப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

துப்பாக்கிக் குற்றங்களுக்கென்றே அமைந்த போலீஸ் பிரிவின் சார்ஜெண்ட் பின்னாக், வாரம் ஒருநாள் அந்தக் கூடத்தில் உட்காருவார். காவல் நிலையத்துக்கு வர அஞ்சுகிறவர்கள் இங்கே வருவார்கள். அவர்களை அழைத்துவருவது கிளாடெட். அந்தத் தெருவில் முடி பின்னும் கடை வைத்திருப்பவள். அவள் காதுக்கு எட்டாத சேதி அங்கே கிடையாது.

"சிஸ்டர் மெர்லீன், முதல்ல உட்காருங்க."

"உட்கார நேரமில்ல கிளாடெட். நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு என் பையனைச் சுட்டுட்டாங்க. பாதத்துல. அவன் பிழைச்சுட்டான். இன்னிக்கு இன்னொருத்தி பிள்ளை சாகப்போறான்."

பின்னாக் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். "சொல்லுங்கம்மா."

மெர்லீன் சொன்னது இதுதான். மகன் டெல்வினுக்குப் பத்தொன்பது வயது. கடைக்குப் போய்விட்டு மழையில் திரும்பி வீட்டு வாசலில் சாவியைப் போடும்போது, மோட்டார் சைக்கிளில் முகமூடியோடு வந்த ஒருவன் சுட்டுவிட்டுப் போனானாம். பக்கத்து வீட்டு லிண்டோ, வாசலில் கிடந்த டெல்வினை உள்ளே கொண்டுபோய் ஆம்புலன்ஸை அழைத்தார். ஆளைத் தெரியாது என்று டெல்வின் சொன்னாலும், அவனுடைய கூட்டாளிகள் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டார்கள். கெமார். போன மாதம் டெல்வினோடு கைகலந்தவன்.

"இன்னிக்கு மூணு மணிக்கு காலேஜ் விட்டு வெளிய வரும்போது கெமாரை முடிச்சிருவாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல அவங்க பேசுனதை என் காதால கேட்டேன்."

"குண்டு கிடைச்சுதா?"

"காலைத் துளைச்சு வெளிய போயிருச்சாம். போலீஸ்காரங்க தெருவுல தேடினாங்க. மழைத்தண்ணி அடிச்சுட்டுப் போயிருக்கும்னாங்க."

"பையில என்ன?"

"அவன் ஷூ. வெளிய போட்டுக்க அவனுக்கு இருக்கிறது இந்த ஒரு ஜோடிதான். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். வீங்கின கால்ல ஏறுமோ என்னமோ."

பின்னாக் அந்த வெள்ளைக் காலணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். உடனே போனை எடுத்து, கல்லூரி வாசலுக்கு நான்கு பேரை அனுப்பச் சொன்னார்.

"அது போதுமா சார்ஜெண்ட்?" என்றாள் கிளாடெட். "இன்னிக்குத் தடுத்தா நாளைக்குப் போவாங்க. மோட்டார் சைக்கிள்காரனைப் பிடிக்க வேண்டாமா? நான் வேணா தெருத்தெருவா விசாரிக்கிறேன்."

"முதல்ல வீட்டைப் பார்த்துருவோம். அனுமதி உண்டாம்மா?"

மெர்லீன் சாவியை நீட்டினாள்.

குறுகலான நடைக்கூடம். மாடிப்படியை ஒட்டி, ஜமைக்காவிலிருக்கும் தன் தங்கை ஐவிக்குக் கப்பலில் அனுப்ப மெர்லீன் சாமான்களால் முக்கால்வாசி நிரப்பிய நீலப் பீப்பாய். காய்ந்த ரத்தம் வாசலிலிருந்து உள்ளே வரை பரவியிருந்தது.

"லிண்டோ தூக்கி வந்தப்போ வழிஞ்சது," என்றாள் கிளாடெட் அவசரமாக.

சமையலறையிலிருந்து மெர்லீனின் குரல் கேட்டது. "இந்த அரிசி மூட்டைகளை யார் வெளிய எடுத்தா? நேத்துக் காலைலதான பீப்பாய்ல வச்சேன்?"

தரைவிரிப்பில் ஒரு முழ நீளத்துக்குப் புதிதாய்ச் சிராய்ப்பு. பின்னாக் குனிந்து பீப்பாயைத் தள்ளினார். அது இருந்த இடத்தில், விரிப்பைக் கிழித்துப் பலகைக்குள் இறங்கிய துளை ஒன்று. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு பீப்பாய்க்குள் ஒவ்வொன்றாக எடுத்தார். ஐவிக்காக மடித்து வைத்த துண்டுகளுக்கு அடியில் அந்தக் கைத்துப்பாக்கி இருந்தது.

மெர்லீன் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு வண்டி வந்து பீப்பாயை எடுத்துட்டுப் போயிருக்கும்," என்றாள்.

துப்பாக்கியைப் பின்னாக் தன் பிரிவினரிடம் ஒப்படைத்துவிட்டு அவர்களோடு ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி இரண்டேகால். கட்டுப் போட்ட காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தான் டெல்வின். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவன் பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று.

"தம்பி," என்றார் பின்னாக், "கடைக்கு எதைப் போட்டுட்டுப் போனே?"

"ஷூதான்."

"பாதத்துல குண்டு பாய்ஞ்சிருக்கு. ஷூவுல ஓட்டை இல்ல, ரத்தம் இல்ல, சேறுகூட இல்ல. நீ வெளியவே போகல. வீட்டுக்குள்ள, வெறும் காலுறையோட நின்னுட்டிருந்தே. குண்டு தரையில இறங்கிச்சு. அந்த ஓட்டையை மறைக்கப் பீப்பாயை நகர்த்தணும். அடிபட்ட காலோட முடியல. அதனால அரிசியை வெளிய எடுத்துக் கனத்தைக் குறைச்சே. துப்பாக்கியை உள்ள புதைச்சே. அப்புறம் வாசலுக்குத் தவழ்ந்துபோய்க் கத்துனே."

கிளாடெட் வாயைப் பொத்திக்கொண்டாள். "அட, அந்த ஷூவை நானும்தான பார்த்தேன்!"

"அது என்னுது இல்ல," என்றான் டெல்வின். "ரெண்டு நாள் வச்சிருடான்னு ஏரியா ரௌடிங்க குடுத்தாங்க. அவங்ககிட்ட மாட்டேன்னு சொல்ல முடியாது. அம்மா வர்றதுக்குள்ள இடம் மாத்தலாம்னு எடுத்தேன், வெடிச்சிருச்சு. நான் கெமார் பேரைச் சொல்லவே இல்ல சார்!"

"அவன் இல்லன்னும் சொல்லல," என்றாள் மெர்லீன்.

"சொன்னா துப்பாக்கி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க அம்மா. குடுத்தவன் யாருன்னு போலீஸ் கேக்கும். அப்புறம் நாம அந்த வீட்டுல இருக்க முடியாது."

"வீடு போனாப் போகட்டும். இருபது வருஷமா சர்ச்சுல கெமாரோட அம்மா பக்கத்துல நின்னு பாடுறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவ மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்?"

"உங்க ரெண்டு பேரையும் இன்னிக்கே வேற இடத்துக்கு மாத்துறோம்," என்றார் பின்னாக். "துப்பாக்கி வச்சிருந்ததுக்கு நீ நீதிமன்றத்துல பதில் சொல்லித்தான் ஆகணும், பொய் சொல்லமாட்டேன். ஆனா உன் கூட்டாளிங்க போலீஸ் பேச்சை நம்ப மாட்டாங்க. உன் வாயால வரணும்."

மணி இரண்டு நாற்பது. கிளாடெட் தன் போனை நீட்டினாள். டெல்வின் இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினான். மூன்றாவது முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"திரும்பப் போடு," என்றாள் மெர்லீன்.

எடுத்தார்கள்.

"டேய், நான்தான். கெமார் இல்லடா. யாருமே இல்ல. நானே சுட்டுக்கிட்டேன். ஆமா, என் கையாலயே. சிரிக்கணும்னா சிரிடா. எங்க இருக்கீங்க? வண்டியைத் திருப்புங்கடா... அம்மா பக்கத்துலதான் இருக்காங்க, கேட்டுக்கோ."

மெர்லீன் போனை வாங்கினாள். "அவன் சொல்றது நிஜம். வீட்டுக்குப் போங்க," என்றாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கல்லூரி வாசலில் நின்ற காவலர் பின்னாக்கை அழைத்தார். அந்த வண்டி தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டது. அடுத்த திருப்பத்தில் மடக்கிவிட்டார்கள்.

"கெமார்?" என்றார் பின்னாக்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடினான் சார்ஜெண்ட். பஸ் மாடியில இடம் கிடைச்சிருச்சு. ஏதோ பாட்டுக் கேட்டுத் தலையை ஆட்டிக்கிட்டே போறான்."