எலி அறுக்குத பொண்ணு

“ஏங்க, ஷட்டர இறக்குங்க! நனையுதேன்லா!”

எதிர் சீட்டுக்காரன் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி, கடம்பூர் பிளாட்பாரத்தில் விற்ற போளியை வாங்கிக்கொண்டிருந்தான். திறந்த ஜன்னல் வழியே மழை உமாராணியின் மேல் அடித்தது. அவன் திரும்பினான்... இமையில் மழைத்துளி தொங்க, நனைந்த கரிசலைப் போல அப்படியொரு கருப்புக் கண்கள்! அவள் கோபம் பாதியில் நின்றது.

“மன்னிச்சுக்கோங்க. போளி எடுத்துக்கோங்க.”

கோவில்பட்டி போகவேண்டிய பாசஞ்சர் சிக்னலுக்காக நின்றது. பேச்சு மட்டும் நகர்ந்தது. அவன் புதூரில் கால்நடை டாக்டராம். பெயரை அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

“நீங்க என்ன பண்ணுதீங்க?”

“ஆராய்ச்சி. வயசான எலிகளுக்கு எப்படி மறதி வருதுன்னு பாக்குதேன். தண்ணித் தொட்டியில விட்டா, ஏறி நிக்க நேத்துக் கண்டுபிடிச்ச மேடை இன்னைக்கு மறந்துபோவும். சுத்திச் சுத்தி நீந்தும்... பாவமா இருக்கும்.”

“அப்புறம்?”

“மூளைய எடுத்து, மெலிசா வெட்டி, என்ன மாறியிருக்குன்னு பாப்போம்.”

அவன் முகம் வெளிறியது. கையிலிருந்த போளி நழுவி விழுந்தது.

அவளுக்குச் சுரீரென்றது. “நீங்களுமா? போன மாசம் உங்க புதூர் மாப்பிள்ளை ஒருத்தர், யாரு என்னன்னு நான் விசாரிக்கதுக்கு முன்னாலயே, ‘எலி அறுக்குத பொண்ணு வேண்டாம்’னு சொல்லிவிட்டாரு. எங்கம்மா சாப்பிடவே இல்ல, தெரியுமா?”

“உமாராணி...”

திடுக்கிட்டாள். பெயரைச் சொல்லவேயில்லையே!

“அந்த மாப்பிள்ளை நான்தான். பூவனலிங்கம்.”

சட்டென்று எழுந்து பையை எடுத்தாள். வேறு பெட்டிக்குப் போய்விட வேண்டும்...

“எலின்னு சொன்னது பொய்ங்க!” அவன் குரல் உடைந்தது. “எங்கம்மாவுக்கு மறதி. என்னையே ‘யாருய்யா நீ’ன்னு கேக்காவ. ஊருல யாருக்கும் தெரியாது. நீங்க பாத்ததுமே கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயந்துட்டேன். உங்க போட்டோவக்கூடப் பாக்கல... பாத்தா மனசு மாறிருமோன்னு.”

எடுத்த பையை அவள் மறுபடி சீட்டில் வைத்தாள். மறதியைப் பற்றி வருடக்கணக்காகப் படித்தவள்தான். அதை ஒளித்துவைக்க ஒரு மகன் இப்படித் தவிப்பான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

“டாக்டர்ட்ட காட்டுனீங்களா?”

இல்லையென்று தலையாட்டினான்.

“ஆட்டுக்கு நோவுன்னா ஓடுவீங்க... பெத்தவள ஒளிச்சு வச்சிருக்கீங்களே!” அவள் கண் கலங்கியது. “மதுரையில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காவ. அம்மாவக் கூட்டிட்டு வாங்க. நானும் வாரேன்.”

ரயில் அசைந்தது.

“நான் பயந்த மாதிரியே ஆயிருச்சு,” என்றான் மெல்ல. “உங்களப் பாத்தேன்... மனசு மாறிருச்சு. ஆனா, எங்கம்மா உங்க பேரக்கூட மறந்துருவாவளே...”

“மறந்தா சொல்லுதேன். தினமும் சொல்லுதேன்.”

தினமும்! தன் வாயிலிருந்து விழுந்த சொல்லைக் கேட்டு உமாராணியே அதிர்ந்துபோனாள். ஆனால்... அதைத் திரும்ப வாங்க அவளுக்கு மனம் வரவில்லை.