நுரைத்தடத்தில் ஓஸ்கர்

கப்பலுக்குப் பின்னால் போகிற எதுவும் சிறிதாகிக்கொண்டே போக வேண்டும். சமையலறையிலிருந்து வீசிய உருளைக்கிழங்குத் தோலானாலும் சரி, கடற்பறவை குந்தியிருந்த மரக்கட்டையானாலும் சரி, பின்தளத்துக் கம்பியில் சாய்ந்து நின்று பார்த்தால் அது நுரைத்தடத்தில் ஆடி ஆடிப் பின்வாங்கும், புள்ளியாகும், பிறகு புள்ளியும் இருக்காது. ஃபெம்கே ஐந்து மணிக்குப் பார்த்த செம்மஞ்சள் புள்ளி, ஐந்தரைக்கும் அதே அளவில் இருந்தது.

அவளுக்குப் பதினேழு வயது. நெதர்லாந்தின் ஹார்லிங்கனிலிருந்து வந்து இந்த நார்வேப் பாய்மரக் கப்பலில் ஒரு பள்ளி ஆண்டைப் படிக்கிற அறுபது பேரில் ஒருத்தி. பகலில் பாடம், மாலை நான்கிலிருந்து எட்டு வரை காவல். அன்று அவளுக்கு வளையக் காவல் விழுந்திருந்தது. கப்பலின் கடைக்கோடியில் மிதவை வளையத்தோடு தனியாக நிற்பதுதான் வேலை. யாராவது கடலில் விழுந்தால் வளையத்தை எறிய வேண்டும், கத்த வேண்டும், விழுந்தவர் இருக்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கப்பல் திரும்பி வரும் வரை கையை இறக்கக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது. அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை முட்டைக்கோஸ் அளவுக்குத்தான் தெரியும். ஒருமுறை தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

அவள் தவறவிட்டிருந்தாள். திங்கட்கிழமை ஒத்திகைக்காக ஓஸ்கரைத் தூக்கிப் போட்டார்கள். ஓஸ்கர் ஒரு பொம்மை. செம்மஞ்சள் வேலை உடுப்புக்குள் பழைய கயிறும் தக்கையும் திணித்து, தலைக்கு ஒரு உருண்டை மிதவையை வைத்து, அதில் யாரோ பேனாவால் சிரிப்பு வரைந்திருந்தார்கள். ஃபெம்கே ஒழுங்காகத்தான் கை காட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவளோடு படிக்கிற எஸ்கில், "ஏய் டச்சுக்காரி, இங்க பாரு," என்றான். பார்த்தாள். அவன் நாக்கைத் தள்ளிக்கொண்டு முழுகுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தான். ஒரு நொடிதான். திரும்பினபோது கடல் மட்டும் இருந்தது. அப்புறம் மூடுபனி இறங்கியது. இரண்டு மணி நேரம் தேடிவிட்டு ஓஸ்கரை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கேப்டன் ஹல்வார்ட் எழுந்து நின்றார். குரல் உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"அது மனுஷனா இருந்தா, இந்நேரம் நான் ஒரு வீட்டுக்கு போன் பண்ணியிருக்கணும். யார் கண்ணை எடுத்தாங்கன்னு அங்க கேப்பாங்க."

எஸ்கில் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபெம்கே அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுப்பதும் அழுவதும் அவளுக்கு ஒன்றுதான், இரண்டும் வராது. மறுநாள் காலையிலிருந்து அவள் மேசையில் ஓஸ்கருக்கும் ஒரு தட்டு வைத்தார்கள், அதில் ஒரு மீன் வடை. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தன் மீன் வடையைத் தின்றாள், பிறகு ஓஸ்கரின் தட்டை இழுத்து அதையும் தின்றாள். "அவருக்குப் பசிக்கலையாம்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரை அவள் காலித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இப்போது, ஒத்திகை நடந்த இடத்திலிருந்து இருநூறு கிலோமீட்டர் தாண்டி, ஐஸ்லாந்து நோக்கிப் போகிற கப்பலின் நுரைத்தடத்தில், அது. அலை ஏறும்போது ஏறியது, இறங்கும்போது இறங்கியது. கயிறுகள் பாய்மரத்தில் உரசும் முனகலுக்கும் காற்றின் விசிலுக்கும் நடுவில் ஒரு வாசனை வந்தது. தண்ணீரில் நாள்கணக்காக ஊறின கயிற்றின் புளித்த, தார் கலந்த வாசனை. காற்று முன்பக்கத்திலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் வாசனை பின்னாலிருந்து வந்தது.

பிறகு அது ஒரு கையைத் தூக்கியது.

ஃபெம்கே தனக்குக் கற்றுக்கொடுத்ததைச் செய்தாள். வளையத்தை எறிந்தாள், கத்தினாள், கையை நீட்டினாள். தளப் பொறுப்பாளர் டோருன் உதட்டுக்குள் அடக்கிய புகையிலையோடு ஓடி வந்து தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தாள்.

"எங்க?"

"என் விரலுக்கு நேரா. செம்மஞ்சள். கையைத் தூக்கியிருக்கு."

"பொம்மை எங்கயாவது கையைத் தூக்குமா? உள்ள இருக்கறது பழங்கயிறு. நானே அடைச்சேன்."

"தூக்கியிருக்கு, டோருன்."

"தண்ணிதான் இருக்கு, கண்ணு."

விதி விதிதான் என்று கேப்டன் கப்பலைத் திருப்பினார். எல்லாரையும் தளத்துக்குக் கூப்பிட்டு எண்ணிப் பார்த்தார்கள், ஒருவரும் குறையவில்லை. வளையம் மட்டும் கிடைத்தது. கேப்டன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை நீ இப்படிக் கத்தினா, ரெய்க்யவிக் துறைமுகத்துல இறக்கி வீட்டுக்கு அனுப்பிடுவேன். தண்டனை இல்ல. நீ சரியாத் தூங்கல. உன் கண்ணு உன்னை ஏமாத்துது."

"கண்ணு ஏமாத்தல. பாத்தேன்."

"இனிமே பாத்தேன்னு சொல்லாத."

"பாத்தேன், கேப்டன்."

வீட்டுக்குப் போவதென்றால் ஆண்டே போய்விடும். அதைவிட மோசம், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அப்பா துறைமுகத்தில் நிற்பார். இது ஏழாவது மாதம். அவர் "நான் சொல்லல?" என்று கேட்பதைக் கேட்பதற்குப் பதில் நங்கூரத்தையே விழுங்கிவிடலாம் என்று நினைத்தாள். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மற்றவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

மறுநாள் காலை வரலாற்றுப் பாடம். சாப்பாட்டுக் கூடமே வகுப்பறை, அதன் வட்ட ஜன்னல்களுக்குக் கீழே ஒரு முழத்தில் கடல். ஆசிரியர் ஏதோ ஒரு உடன்படிக்கையின் ஆண்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபெம்கேயின் நோட்டில் விழுந்திருந்த வெளிச்சம் மெல்ல நிறம் மாறியது. வெள்ளைத் தாள் செம்மஞ்சளானது. நனைந்த துணி கண்ணாடியைத் துடைப்பது போல ஒரு சத்தம், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அவசரமில்லாமல். கப்பல் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கப்பலோடு கூடவே வந்தது.

யாரும் நிமிரவில்லை. பக்கத்தில் எஸ்கில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான், அவன் கன்னமும் செம்மஞ்சளாக இருந்தது. ஜன்னலில் இரண்டு தட்டு விழுந்தது. மெத்தென்ற தட்டு, எலும்பில்லாத கையால் தட்டுவது போல. ஃபெம்கேவுக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடுவதற்குக் கப்பலில் இடம் ஏது. கோபம் வந்தது அவளுக்கு. எழுந்து போய், கண்ணாடியின் மேல் அவளும் இரண்டு தட்டு தட்டினாள்.

"ஃபெம்கே, உக்காரு," என்றார் ஆசிரியர்.

உட்கார்ந்தாள். தாள் மறுபடி வெளுத்தது.

"என்ன பண்ற நீ?" எஸ்கில் கிசுகிசுத்தான்.

"வந்தவங்களுக்குப் பதில் சொன்னேன்."

அவன் சிரிக்கவில்லை. "ஃபெம்கே, அன்னிக்கு நான் கூப்பிடலன்னா..."

"தெரியுதில்ல. அப்ப என்கிட்ட சொல்லாத. கேப்டன்கிட்ட சொல்லு."

மாலையில் வளையக் காவல் வேறொரு பையனுக்கு. ஃபெம்கே அவனை அனுப்பிவிட்டுத் தானே போய் நின்றாள். ஏப்ரல் மாத வெயில் கப்பலின் முன்னாலிருந்து தாழ்ந்து வந்தது. பாய்களின் நிழலும் கயிறுகளின் நிழலும் பின்தளப் பலகைகளின் மேல் நீள நீளமாகக் கிடந்தன. காற்று விழுந்துவிட்டது. கயிறுகள் முனகவில்லை. பறவைகள் இல்லை. அந்த வாசனை மட்டும் வந்தது, இம்முறை நாக்கில் படுகிற அளவுக்கு.

இருபது மீட்டர் தூரத்தில் இருந்தது.

உடுப்பின் தையல்கூடத் தெரிந்தது. கழுத்து மடிப்பில் நுரை. உருண்டைத் தலை அவளை நோக்கித் திரும்பியிருந்தது. வரைந்திருந்த சிரிப்பைக் கடல் அழித்துவிட்டிருந்தது. வெறும் வெண்மை. ஒரு கை மேலே.

கத்தினால் ரெய்க்யவிக்கில் இறக்கிவிடுவார்கள். கத்தாவிட்டால், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும். அவள் இரண்டு மூச்சு இழுத்தாள். போங்கள் எல்லாரும், என்று நினைத்தாள்.

"ஆள் விழுந்தாச்சு. பின்பக்கம்."

கையை நீட்டினாள்.

மணி அடித்தது. காலடிகள். கேப்டனின் கனத்த பூட்ஸ், டோருனின் இருமல். எல்லாரையும் மறுபடி எண்ணினார்கள். அவள் திரும்பவில்லை. பலகைகளின் மேல் விழுந்த நிழல்கள்தான் அவளுக்குத் தெரிந்தன. முதலில் நாலைந்து. பிறகு இருபது. பிறகு தளம் முழுவதும், தோளோடு தோள் உரசி.

"எல்லாரும் இருக்காங்க," என்றாள் டோருன்.

"ஃபெம்கே, கையை இறக்கு," என்றார் கேப்டன்.

"முடியாது."

"இறக்குன்னு சொல்றேன்."

"இறக்கக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதான். ஊருக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் இங்கதான் நிப்பேன். என் கண்ணு தப்பல."

எங்கோ ஒரு கப்பி கிறீச்சிட்டது.

"கேப்டன்." எஸ்கிலின் குரல், மிக அருகில். இரண்டு கை தூரத்தில் வந்து நின்றுவிட்டான். "திங்கக்கிழமை அவ தப்பு இல்ல. நான்தான் கூப்பிட்டுத் திரும்ப வச்சேன். ஒரே ஒரு தடவை அவ காட்டுற இடத்தைப் பாருங்க. நானும் பாக்கறேன்."

அவளுக்குக் கண் கலங்கியது. துடைக்கவில்லை. துடைத்தால் அது மறைந்துவிடும்.

ஒரு நிழல் கையைத் தூக்கியது. எஸ்கிலுடையது.

தெரிந்துவிட்டது அவனுக்கு. நெஞ்சுக்குள் ஏதோ திறந்துகொண்டது போலிருந்தது. சிரிக்க வேண்டும் போல. மூன்று நாள். மூன்று நாளாக ஒருத்தியாக நின்றிருந்தாள்.

இன்னொரு நிழல். அகலமானது, டோருன். பிறகு கேப்டன். பிறகு வரிசையாக, ஓசையில்லாமல், பத்து, முப்பது, எல்லாம். எல்லாருக்கும் தெரிகிறது.

"இப்பவாவது நம்புறீங்களா?" என்றாள்.

கைகள் அப்படியே நின்றன.

நிழல் கைகளைப் பார்த்தாள். கடலைக் காட்டுகிற கை கம்பியைத் தாண்டி வெளியே நீள வேண்டும். இவை தாண்டவில்லை. இடமிருந்தும் வலமிருந்தும் பலகைகளின் மேல் ஊர்ந்து வந்து, விரல் நுனிகள் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தன. அவள் பூட்ஸில்.

தண்ணீரில் அது அசையவில்லை. கை மேலே.

"ஃபெம்கே!"

எஸ்கில். தொண்டை கிழியக் கத்தினான். இரண்டு கை தூரத்தில் நிற்கிறவளிடம் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள்.

நீட்டிய கையை இறக்காமல், கழுத்தை மட்டும் திருப்பினாள்.

எல்லாரும் நின்றிருந்தார்கள். எல்லார் கையும் அவளை நோக்கி நீண்டிருந்தது. யாரும் இமைக்கவில்லை. அருகில் இருப்பவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. கண்களைச் சுருக்கி, நெற்றியில் மறுகையை வைத்து, வெகுதூரத்தில் அலைகளுக்கு நடுவே எதையோ விட்டுவிடக் கூடாது என்று பார்க்கிற பார்வை. எஸ்கிலின் முகமெல்லாம் கண்ணீர்.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் ஃபெம்கே. "உன் முன்னாடிதான் நிக்கிறேன்."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பூட்ஸுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஏறியது. கணுக்கால் வரை. முழங்கால் வரை.

"ஃபெம்கே, கையைத் தூக்கு!" எஸ்கில் அலறினான். "நீ எங்க இருக்கன்னு தெரியல. கையைத் தூக்கு!"

அவள் கை உயர்ந்துதான் இருந்தது. இன்னும் உயர்த்தினாள். அவள் அதை இறக்கப் போவதில்லை.